முழங்கை தெரியாத எக்ஸ்ரேயை நம்பி ஏமாந்தோம்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

ஏழு வயது மகன் லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். கை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கியூ நீளம் என்று டவுனில் ஒரு பிரைவேட் இடத்துக்குக் கொண்டுபோனோம். அவசரம், அதுதான் நான் விட்ட பிழை. முன்கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்கை படத்திலேயே இல்லை. "அல்னா எலும்பில் சின்ன முறிவுதான்" (முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு) என்று சொல்லி, முழங்கைக்குக் கீழே பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். முழங்கை வலிக்கிறது என்று அழுகிறானே என்று கேட்டேன். "பயத்தில் அழுகிறான், அம்மா" என்றார்கள்.

ஐந்து வாரம் கழித்துப் பிளாஸ்டரைக் கழற்றினால் கை முழுதாக மடங்கவில்லை. முழங்கை மடிப்புக்கு முன்னால் ஒரு புடைப்பு. பயிற்சி செய்தால் சரியாகும் என்றார்கள். மாமியார் எண்ணெய் தேய்த்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அப்புறம் கண்டிக்குப் போனோம். அங்கே டாக்டர் முழங்கையையும் சேர்த்துப் புதுப் படம் எடுத்து, அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். முன்கையில் பெருவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் நடுவே போகும் கோடு, எந்தப் பக்கமிருந்து எடுத்த படமானாலும், மேற்கை எலும்பின் அடியிலுள்ள உருண்டைப் பகுதியைத் தொட வேண்டுமாம். மகனின் படத்தில் கோடு எங்கோ போனது. முன்கையின் இரண்டு எலும்பில் அல்னா முறிந்தால், ரேடியஸின் தலை மூட்டை விட்டு விலகலாம். பிள்ளைகளுக்கு அல்னா முறியாமல் வெறுமனே வளைந்தாலும் இப்படி ஆகுமாம். மான்டேஜியா முறிவு என்று பெயர். மான்டேஜியா என்ற இத்தாலிய டாக்டர் 1814இலேயே எழுதிவைத்ததை, நம்ம டவுனில் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை!

உடனே கண்டிருந்தால், மயக்கம் கொடுத்து அல்னாவை நேராக்கியிருப்பார்கள். அநேகமாக ரேடியஸும் கத்தி வைக்காமலே மூட்டுக்குள் போயிருக்கும். முழங்கைக்கு மேலே வரை பிளாஸ்டர் போட்டு, திரும்ப விலகுகிறதா என்று ஆரம்பத்தில் வாராவாரம் எக்ஸ்ரே பார்ப்பார்களாம். எங்களுக்கு அல்னாவை வெட்டி, நிமிர்த்தி, பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே முன்கை முறிவென்றால், முழங்கையும் மணிக்கட்டும் தெரிகிற படத்தைக் கேட்டு வாங்குங்கள். பெருவிரலை நிமிர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள். விலகிய எலும்பு நரம்பை அழுத்தினால் அது நிமிராதாம்.

பழைய எக்ஸ்ரேயோடு அந்த இடத்துக்குப் போய்க் கேட்டேன். "பிளாஸ்டர் கழற்றின பிறகு எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். கோயிலில் திருநீறு வாங்க மகனுக்கு இன்னும் வலக்கையை முழுதாக மலர்த்த வரவில்லை. இடக்கையால் தாங்கிப் பிடித்துத்தான் நீட்டுகிறான்.