தாடை உடைந்தால் கம்பியா, பிளேட்டா?

மணலில் பைக் வழுக்கியபோது ஹெல்மெட் போட்டிருந்தேன். ஆனால் அரை ஹெல்மெட். மண்டை தப்பியது, தாடை போனது. வலப்பக்கம் முகவாயை ஒட்டி ஒரு முறிவு, இடப்பக்கம் ஞானப்பல் மூலையில் இன்னொன்று. கடித்தால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தவே இல்லை.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். பல்வரிசைகளில் கம்பி கட்டி வாயைப் பூட்டிவிட்டால், நான்கிலிருந்து ஆறு வாரத்தில் எலும்பு தானே கூடிவிடும். தாடையைக் கீற வேண்டாம், செலவும் குறைவு. இல்லையென்றால் வாய்க்குள்ளேயே ஈறுக்குக் கீழே கீறி, டைட்டானியம் பிளேட்டை ஸ்குரூ போட்டு முடுக்குவது. வெளியே தழும்பு தெரியாது.

நான் பிளேட்டுக்குப் போனேன். சாப்பாடுதான் காரணம்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் சின்னக் குழாயைச் செருகி, சிரிஞ்சால் வடிகட்டிய கஞ்சியை இறக்குவார்கள். ஒரு டம்ளருக்கு அரை மணி நேரம். தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் நூலில் தொங்கும். வாந்தி வந்தால் மூச்சடைப்பதற்குள் அவர் மனைவி வெட்டிவிட வேண்டுமாம். அந்த அம்மா ராத்திரியில் தூங்கி நான் பார்க்கவில்லை. அப்புறம் ரிவியூவில் சந்தித்தபோது கம்பியை எடுத்திருந்தார்கள், ஆனால் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

எனக்கும் ஆபரேஷனில் முதலில் கம்பி கட்டித்தான் கடியைச் சேர்த்தார்கள். பிளேட் ஏறியதும் அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சாம்பாரில் கரைத்த இட்லி, ஸ்பூனில். ஆறு வாரம் எதையும் மெல்லக் கூடாது என்பது எனக்கும்தான். ஆனால் வாய் திறந்தது, பல் தேய்க்க முடிந்தது.

சரி, குறையே இல்லையா? கீழுதடு ஒரு பக்கம் மரத்துப்போனது. ரசம் வழிவதை எதிரில் இருப்பவர் சொல்லித்தான் துடைப்பேன். நாலு மாதம் கழித்துத்தான் உணர்ச்சி திரும்பியது, இன்னும் முழுசாக இல்லை. பிளேட்டில் சீழ் பிடித்தால் எடுக்க மறுபடி ஆபரேஷன். புகைபிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

என் அனுபவம் கீழ்த்தாடையோடு சரி. அதிலும் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டருகே முறிவு என்றால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே முகநரம்பு ஓடுகிறது, அதனால் கீறாமல் கொஞ்ச நாள் கம்பியோ ரப்பரோ போட்டுப் பார்க்கும் சர்ஜன்கள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கும் தாடைக்குள் முளைக்காத பற்கள் இருப்பதால் ஸ்குரூ போட யோசிப்பார்கள்.