இரவலா, நன்கொடையா, உயிலா?

வீட்டுச் சுவரில் தலைமுறைகளாகத் தொங்கும் உருவப்படத்தைப் பொது அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டதா? சரி, எப்படிக் கொடுப்பது? இரவலாகக் கொடுக்கலாம், நன்கொடையாக எழுதிக் கொடுக்கலாம், உயிலில் எழுதி வைக்கலாம்.

பலருக்கும் முதலில் தோன்றுவது இரவல்தான். படம் அவர்கள் சுவரில் இருக்கும், உரிமை உங்களிடமே இருக்கும். எத்தனை வருடம், காப்பீடு யார் பொறுப்பு, வேறு கண்காட்சிக்கு அனுப்பலாமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். படத்தை வாங்கிக்கொள்ளும்போது ஒருவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் குறிப்பெடுப்பார்: இடது மூலையில் கடுகளவு வண்ணம் உதிர்ந்திருக்கிறது, சட்டத்தின் மேல்விளிம்பில் கீறல், வார்னிஷ் மஞ்சளித்திருக்கிறது. படம் திரும்பி வரும் நாளில் இந்தத் தாளை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அதில் கையெழுத்துப் போடும் முன் நீங்களும் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

ஆனால் இரவல் என்றால் இரவல்தான். டென்மார்க் இளவரசி கிறிஸ்டினாவை ஹோல்பைன் 1538-இல் வரைந்த படத்தை நார்ஃபோக் பிரபு 1880-இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு இரவலாகத் தந்தார். ஏறக்குறைய முப்பது வருடம் அது அங்கேயே இருந்ததால், பார்க்க வந்தவர்கள் கேலரியின் சொத்து என்றே நினைத்திருப்பார்கள். 1909-இல் பிரபு அதை ஒரு கலைப்பொருள் வணிக நிறுவனத்துக்கு விற்றுவிட்டார், அந்த நிறுவனம் கேலரியிடம் 72,000 பவுண்டு கேட்டது. பெயர் சொல்லாத ஒரு பெண்மணி கடைசி நேரத்தில் 40,000 பவுண்டு தந்திராவிட்டால் படம் கைவிட்டுப் போயிருக்கும். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த வாஷிங்டன் உருவப்படத்துக்கும் இதே கதைதான். 1968 முதல் அமெரிக்கத் தேசிய உருவப்படக் கூடத்தில் இரவலாக இருந்த அதை உரிமையாளர் 2000-இல் 2 கோடி டாலருக்கு விற்கப் போவதாகச் சொன்னார். அடுத்த வருடம் ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்ததால்தான் படம் அங்கே தங்கியது. உரிமையாளர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் பொருளை அவர்கள் விற்றார்கள். ஆனால் இன்று நீங்கள் நல்ல மனதோடு இரவல் கொடுத்த படத்தை, நாளை பணமுடையில் இருக்கும் உங்கள் பேரன் எப்படிப் பார்ப்பான்? அந்தக் கேள்வியை இரவல் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

நன்கொடையில் அந்தக் கேள்வியே எழாது. ஆனால் வேறு சில விஷயங்களுக்கு மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ‘எப்போதும் சுவரில் மாட்டியே வைத்திருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் ஏற்காது. நீர்வண்ணப் படமென்றால் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மங்கல் வெளிச்சத்தில் சில மாதம் காட்டுவார்கள், அப்புறம் இருட்டான சேமிப்பறைக்குப் போய்விடும். பிற்காலத்தில் விற்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். சில தேசிய அருங்காட்சியகங்களைச் சட்டமே தடுக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. காப்புரிமையையும், அதாவது படத்தை நகலெடுத்து அச்சிடும் உரிமையையும், மறக்கக்கூடாது. படம் உங்களுடையதாக இருந்தாலும் காப்புரிமை ஓவியரிடமோ, அவருக்குப் பின் வாரிசுகளிடமோ இருக்கலாம். இல்லாத உரிமையை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உயில் எனக்கு அவ்வளவு பிடிக்காது. பிக்காசோ தன்னை வரைந்த படத்தை எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதி வைத்தார். 1946-இல் அவர் இறந்ததும் படம் அங்கே போய்ச் சேர்ந்தது. அது பிக்காசோ, யார் வேண்டாம் என்பார்கள்? நம் வீட்டுப் படத்தை அருங்காட்சியகம் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முன்கூட்டியே பேசி வைக்காத உயில், மறுப்புக் கடிதத்தோடு பிள்ளைகளிடமே திரும்பி வரலாம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: படத்தில் இருப்பவர் யார், ஏன் அந்தக் கையில் புத்தகம், வரைந்தவருக்கும் குடும்பத்துக்கும் என்ன உறவு என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அப்போது உயிரோடு இருக்கமாட்டார்.

என்னைக் கேட்டால் இரண்டு மூன்று வருடம் இரவலாகக் கொடுத்து, படத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். திருப்தியென்றால் நன்கொடைப் பத்திரத்தை உயிரோடிருக்கும்போதே எழுதிவிடுங்கள், பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து. கையோடு படத்தில் இருப்பவரின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சட்டத்தின் பின்னால் ஒட்டிய பழைய சீட்டையும் பென்சில் கிறுக்கலையும் அழுக்கென்று துடைத்துவிட வேண்டாம். ஆய்வாளர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.