தேசிய எரிபொருள் கியூஆர் அட்டை: ஒரு முச்சக்கர வண்டிக்காரரின் மதிப்பீடு

2022 ஜனவரியில் இலங்கையில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் கடைசியில் 470. விலையையாவது தாங்கியிருப்பேன், பெற்றோலே கிடைக்கவில்லை. இரண்டு இரவுகள் வண்டிக்குள்ளேயே படுத்து, விடிந்ததும் "முடிந்துவிட்டது" என்ற அட்டையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

ஜூலையில் கியூஆர் முறை வந்தது: வண்டியைப் பதிந்தால் ஒரு கியூஆர் குறியீடு கிடைக்கும், அதைக் காட்டி வாரப் பங்கு எரிபொருளை வாங்கலாம். முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர். மகள் கைபேசியில் பதிந்து, அச்செடுத்து, லேமினேற் செய்து தந்தாள். நிலையத்துப் பையன் அதை ஒளிவருடியதும் திரையில் மிச்ச அளவு தெரியும். அந்த ஒரு எண்தான் எனக்குப் பெரிய ஆறுதல். ஆள் பார்த்து ஊற்றுகிற வழக்கம் எங்கள் பக்கம் அதோடு குறைந்தது. வரிசையும் சுருங்கியது.

குறையும் உண்டு. வாடகைக்கு ஓடுகிறவனுக்கு 5 லீற்றர் இரண்டு நாளைக்கே காணாது. மிச்ச நாட்கள் வண்டி வாசலில்தான் நின்றது. 2023-இல் அளவைக் கூட்டினார்கள். செப்டெம்பர் 1 முதல் முறையையே நிறுத்தினார்கள்.

என் பங்கை லீற்றர் கணக்கில் காட்டிய அரசு, தன் பங்கையும் அப்படிக் காட்ட வேண்டும். மாத முடிவில் விலை மாறுகிறது. நான் கொடுக்கும் ரூபாயில் இறக்குமதிச் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று நிலையத்துப் பலகையில் எழுதிவைக்கட்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த அட்டை இன்னும் என் வண்டியில் இருக்கிறது.