ஏர் பிஸ்டல் கைப்பிடி: அளவு கொடுத்து வாங்குவதா, புட்டி வைத்து நாமே செதுக்குவதா?

வெளிநாட்டுப் போட்டியாளர்கள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவதையும் விசையைக் கழற்றி மெருகேற்றுவதையும் காணொளியில் பார்த்துவிட்டு, இங்கேயும் செய்யலாமா என்று துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்கு வழியில்லை. துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது உரிமம் உள்ளவர்களின் வேலை. 2021-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் கறாரானது. காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலுக்கும் இங்கே உரிமம் வேண்டும்.

நம் கைக்கு மிஞ்சுவது இரண்டே வேலைகள். ஒன்று, எந்த பெல்லட் (ஏர் பிஸ்டலில் சுடும் சிறு குண்டு) நம் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சோதிப்பது. 4.49, 4.50 மில்லிமீட்டர் தலை அளவுகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பிடி நிலைப்படாதவருக்கு அதில் வித்தியாசமே தெரியாது. இன்னொன்று கைப்பிடி. என் அலசல் அதைப் பற்றித்தான்.

துப்பாக்கியோடு வரும் வால்நட் மரக் கைப்பிடியை அப்படியே வைத்துக்கொள்வது முதல் வழி. சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகள் உண்டு. கை அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தினால் நீங்கள் கொடுத்துவைத்தவர், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு உள்ளங்கைக் குழியிலோ கட்டைவிரல் அடியிலோ இடைவெளி இருக்கும்.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி 0.3 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தள்ளி அது 9 மில்லிமீட்டர் ஆகிவிடும். இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவே 11.5 மில்லிமீட்டர்தான். போட்டியில் 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டும். 2018 முதல் பெண்களுக்கும் அதே 60 முறை, முன்பு 40. நாற்பதாவது சுடுதலில் களைத்த கை, இடைவெளி இருக்கும் பக்கமாகத்தான் நழுவும்.

இரண்டாவது வழி, அளவு கொடுத்து வாங்குவது. ஜெர்மனியின் ரிங்க் போன்ற நிறுவனங்கள் கையின் வரைபடத்தையும் அளவுகளையும் வாங்கிக்கொண்டு கைப்பிடி செய்து தருகின்றன. சில நூறு வெள்ளி ஆகும். வேலைப்பாடு அழகு, சந்தேகமில்லை. எங்கள் கிளப் அண்ணன் ஒருவருடையதைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். என் கைக்கு அளவெடுத்தது அல்ல என்பதால் அதன் முழுச் சுகத்தையும் நான் சொல்ல முடியாது. முப்பரிமாண அச்சில் வரும் பிளாஸ்டிக் கைப்பிடியிலும் எனக்கு அனுபவம் குறைவு. எடை குறைவாக இருந்தது, வியர்வையில் வழுக்கியது. அவ்வளவுதான் தெரியும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: இரண்டு பொருள்களைப் பிசைந்து கலந்தால் கெட்டியாக இறுகும் எபாக்சி புட்டி. புளோக்குக்குக் கீழே ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், பத்துப் பதினைந்து வெள்ளிக்கு மேல் போகாது. கிளப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே, கைப்பிடியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இடைவெளி உள்ள இடத்தில் மெல்லிய படலமாகப் புட்டியை அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சுடும்போது எப்படிப் பிடிப்போமோ அப்படியே பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தவறான அச்சு விழும். ஓர் இரவு காயவிட்டு, அரத்தால் மேடுகளைச் சீவலாம். தூசி மூச்சில் போகாதபடி முகக்கவசம் அவசியம்.

மறுபடி துப்பாக்கியில் பொருத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பிறகு திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் நடுவே தானாக வந்து நின்றால் கைப்பிடி சரி. வராவிட்டால் உடனே புட்டியைக் குறை சொல்லாமல், கைப்பிடிக் கோணத்தை மாற்றும் திருகாணி இருந்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

விலைக்காக நான் புட்டிப் பக்கம் சாயவில்லை. கை மாறிக்கொண்டே இருக்கிறது, அதுதான் காரணம். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல்கள் வீங்குகின்றன; குளிரூட்டிய அரங்கில் அரை மணி நேரம் நின்றால் அதே கை சுருங்கிவிடுகிறது. வளரும் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். பயிற்சியாளர் மணிக்கட்டு நிலையைக் கொஞ்சம் மாற்றச் சொன்னாலும் போன வருடத்துப் பொருத்தம் போய்விடுகிறது. அளவெடுத்த கைப்பிடி, அளவெடுத்த அன்றைய கைக்குரியது. அதையும் சீவிக்கொள்ளலாம்தான், ஆனால் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய வால்நட்டில் அரத்தை வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த அண்ணனும் வைக்கவில்லை. இடைவெளியைப் பொறுத்துக்கொண்டு சுடுகிறார். புட்டியில் அந்தத் தயக்கம் இல்லை. ஒரு பக்கம் சேர்த்து, இன்னொரு பக்கம் சீவி, பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பராமரிப்பில் புட்டிக்கு ஒரு குறை உண்டு. ஈரப்பதத்தில் மரம் உப்பும், புட்டி உப்பாது. அதனால் இரண்டும் சேரும் விளிம்பில் மெல்லிய விரிசல் வரலாம். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, விளிம்பை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்தால் போதும். மறுவிற்பனையிலும் அடி விழும்: புட்டி அப்பிய கைப்பிடிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் தனியாக இன்னொரு கைப்பிடி வாங்கி அதில் புட்டி வையுங்கள், பழையதைப் பத்திரப்படுத்துங்கள்.

போட்டி விதியையும் மறக்கக் கூடாது. துப்பாக்கி முழுவதும் 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது அந்த 50-ல்தான். உள்ளங்கைத் தாங்கியில் கொஞ்சம் தாராளமாக அப்பினாலே அகலம் கூடிவிடும். கைப்பிடியின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கவும் கூடாது. கருவிச் சோதனை மேசைக்குப் போவதற்கு முன், கிளப்பிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள்.