நைலான் சவுரியா, மனித முடிச் சவுரியா: வீட்டிலேயே நடனச் சடை பின்னியதில் கண்டது

என் மகள் பரதநாட்டியம் கற்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய முடி தோளைத் தாண்டி நான்கு விரற்கடை நீளமே இருக்கும். மேடைக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையும் அதன் நுனியில் குஞ்சலமும் வேண்டும் என்பதால், முதன்முதலாகக் காலில் சலங்கை கட்டி ஆடும் சலங்கை பூஜைக்கு ஒப்பனைக் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். அன்று அவர் பதினான்கு பிள்ளைகளுக்குத் தலை அலங்காரம் செய்ய வேண்டியிருந்ததால், மகளுடைய முறை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. நிகழ்ச்சியோ மாலை ஆறு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரம் இறுகப் பின்னிய சடையோடு இருந்த பிள்ளை, இரவு சவுரியை, அதாவது சடையை நீட்டச் சேர்த்துப் பின்னும் ஒட்டு முடியை, அவிழ்க்கும்போது பிடரியைத் தொடவிடாமல் அழுதாள். அந்த வாரமே நானே பின்னக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் நைலான் சவுரியும், அதற்குப் பின் மூன்று ஆண்டுகளாக மனித முடிச் சவுரியும் என் கையில் இருக்கின்றன. இரண்டில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் மனித முடியைத்தான் சொல்வேன். அதற்கான காரணம் மேடையில் தெரியும் அழகு அல்ல. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையில் செய்ய வேண்டிய வேலை.

விலை, பளபளப்பு, எடை ஆகியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நைலான் சவுரிக்கு நான் 250 ரூபாய் கொடுத்தேன். 24 அங்குல மனித முடிச் சவுரிக்கு 4,200 ரூபாய் ஆனது. கடையில் நைலான் என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் அக்ரிலிக், பாலியெஸ்டர் இழைகளும் உண்டு. இவை மேடை விளக்கில் ஒருவிதக் கண்ணாடிப் பளபளப்பைக் காட்டும். சொந்த முடி முடிந்து சவுரி தொடங்கும் இடம் முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றாலும், மல்லிகைச் சரத்தைச் சுற்றினால் அதில் பாதி மறைந்துவிடும். எடையில் என்னிடம் இருந்தவற்றுள் நைலான்தான் கனமானது: சமையலறைத் தராசில் அது 170 கிராம், மனித முடி 110 கிராம். இது எல்லாச் சவுரிக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வளரும் பிள்ளையின் தலையில் தொடர்ந்து கனத்தைத் தொங்கவிட்டால் நெற்றியோர முடியும் பிடரி முடியும் வேரோடு இழுபட்டு உதிரக்கூடும் என்பதால், எதை வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

பின்னும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். நடு வகிடு எடுத்து, முடியைப் பிடரிக்குச் சற்று மேலே ரப்பர் பேண்டால் கட்டி, சவுரியின் மேல்முனையில் உள்ள தலைக்கயிற்றை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, குறுக்கே கொண்டை ஊசிகளைச் செருக வேண்டும். பிறகு சவுரியில் தொங்கும் மூன்று கொத்துகளான கால்களையும் சொந்த முடியின் மூன்று புரிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னலைத் தொடங்க வேண்டும். கற்றுக்கொள்பவருக்குக் கடினமான இடம் தொடக்கம் அல்ல. ஏழெட்டுப் பின்னலுக்குப் பிறகு சொந்த முடி தீர்ந்துபோகும் இடம். அங்கே புரி திடீரென்று மெலியும், சொந்த முடியின் நுனிகள் பக்கவாட்டில் குத்திட்டு நிற்கும். நைலான் வழுவழுப்பாக இருப்பதால் அந்த நுனிகளைப் பிடித்துவைக்காது. எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும், நிகழ்ச்சியின் நடுவில் வரும் வர்ணத்தின் ஜதிகளைத் தாண்டி, இறுதியில் ஆடும் தில்லானாவுக்கு வருவதற்குள் நாலைந்து நுனிகள் வெளியே வந்துவிடும். மனித முடியில், உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பின்னினால், முடியோடு முடி ஒட்டிக் கொள்ளும். எனக்குக் கை பழகியது நைலானில் அல்ல, மனித முடிக்கு மாறிய பிறகுதான். நாற்காலி முதுகில் சவுரியைக் கட்டிவைத்து மாதக்கணக்கில் பழகியும் சரியாக வராத அந்த இணைப்பு, புதிய சவுரியில் மூன்றாவது முறையே சரியாக அமைந்தது. என் மகளின் முடி நேரானது. சுருட்டை முடி உள்ள அவளுடைய தோழிக்கு ஒரே ஒருமுறை பின்னிவிட்டிருக்கிறேன்; அப்போது நைலானும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் என் அனுபவத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இனி, எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன்: சிக்கு.

நடனச் சடையை ஆடும்போது வீசாமல் இருக்க ஒட்டியாணத்துக்கு அடியில் செருகிவைப்போம். இரண்டு மணி நேரம் அரைமண்டியில் அமர்ந்தும் எழுந்தும் சுழன்றும் ஆடும்போது, சடையின் அந்த ஒரு சாண் பகுதி மட்டும் ஜரிகையிலும் ஒட்டியாணத்தின் விளிம்பிலும் ஓயாமல் உரசுகிறது. வியர்வையும் அங்கேதான் அதிகம். நைலான் இழை உரசலில் நைந்து, நுரைபோல உப்பிவிடும். ஒருமுறை உப்பிய இழை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. துணிக்குப் போடும் கண்டிஷனரை நீரில் கலந்து இரவு முழுவதும் ஊறவைத்துப் பார்த்தேன். தொடுவதற்கு மென்மை வந்ததே தவிர, சிக்கு அப்படியே இருந்தது. சூட்டுக் கருவியால் நேராக்கலாம் என்றால், என்னிடம் இருந்த இழை சூடு பட்டவுடன் சுருங்கி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சிக்கு எடுத்தும், நான்காவது நிகழ்ச்சியில் சவுரியின் நடுப்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிய வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளில் மூன்று நைலான் சவுரிகள் வீணாயின. பணமாகப் பார்த்தால் அது 750 ரூபாய்தான், மனித முடியின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மார்கழியில் வாரம் ஒரு நிகழ்ச்சி என்று வரும்போது, ஞாயிற்றுக்கிழமை காலைகள் எல்லாம் சீப்பும் கையுமாகக் கழிவதை என்னால் தாங்க முடியவில்லை.

மனித முடி என்றால் சிக்கே விழாது என்று நினைத்துத்தான் நானும் முதலில் ஏமாந்தேன். நகரத்தில் ஒரு கடையில் அசல் முடி என்று சொல்லி விற்ற சவுரியை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் மூன்று முறை பட்டுப்போல இருந்தது. இரண்டாவது தடவை ஷாம்பூ போட்டு அலசிய பிறகு, அது நைலானைவிட மோசமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வைக்கோல் பிரிபோல ஆகிவிட்டது. இழைகள் மனித முடிதான். நெருப்பில் காட்டினால் இறகு கருகும் நாற்றம் வந்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தது. நைலானாக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டிருக்கும். அப்படியானால் சிக்கு ஏன் விழுந்தது என்பதைத் தேடிப் போனபோதுதான், சவுரி வாங்குபவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை அறிந்தேன்.

ஒவ்வொரு முடியின் மேற்புறத்திலும் ஓட்டு வீட்டின் ஓடுகளைப்போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றின் திறந்த விளிம்பு முடியின் நுனியை நோக்கியிருக்கும். தலையில் இருக்கும்போது எல்லா முடிக்கும் வேர் மேலே, நுனி கீழே என்பதால் செதில்கள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்கின்றன. திருமலையிலும் பழனியிலும் மொட்டையடித்துக் காணிக்கையாகச் செலுத்தும் முடியை, வேர்ப்பக்கம் மாறாமல் கொத்தாகச் சேர்த்தால் இந்த ஒழுங்கு அப்படியே இருக்கும். சீப்பில் உதிர்ந்து, சுருட்டிவைத்து, தெருவில் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளும் முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கின்றன. எதிரெதிராகப் படுத்த இரண்டு முடிகளின் செதில்கள் உரசும்போது ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு முடிச்சு விழுகிறது. அந்தச் செதில்களை அமிலத்தால் கரைத்து, மேலே சிலிக்கோன் பூசி விற்பதும் உண்டு. பூச்சு இருக்கும் வரை பட்டுப்போல இருப்பதும், அலச அலசப் பூச்சு போய்ச் சுயரூபம் தெரிவதும் அதனால்தான்.

கடையிலேயே இதைச் சோதிக்க முடியும். சவுரியின் நடுவிலிருந்து ஒரே ஒரு முடியை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, இரண்டு விரல்களையும் முன்னும் பின்னுமாக மெல்லத் தேயுங்கள். முடி இருந்த இடத்தில் இருக்காது. வேர்ப்பக்கம் எதுவோ அந்தப் பக்கமாகப் புழுப்போல ஊர்ந்து வெளியே வரும். சவுரியின் தலைக்கயிற்றுப் பக்கம் இருந்த முனை அதுவாக இருந்தால் சரி. ஐந்தாறு முடிகளை இப்படிப் பார்த்து, எல்லாம் ஒரே பக்கமாக ஊர்ந்தால் வாங்கலாம். ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் ஊர்ந்தால் அது உதிர்ந்த முடியில் கட்டியது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வரலாம். செதில் போய்ப் பூச்சுப் பூசிய முடி எந்தப் பக்கமும் சரியாக ஊராது. இப்போது என்னிடம் இருக்கும் சவுரியை இப்படிச் சோதித்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முதலில் வியப்போடு பார்த்தாலும், பிறகு அவரே உள்ளேயிருந்து வேறொரு சவுரியை எடுத்துவந்து காட்டினார்.

அந்தச் சவுரியை மூன்று ஆண்டுகளாகப் பராமரிக்கும் விதம் எளியது. நிகழ்ச்சி முடிந்த இரவே சடையை அவிழ்த்து, நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, பல் அகன்ற சீப்பால் வாரிவிடுகிறேன். கால் மணி நேரத்துக்குமேல் ஆவதில்லை. மூன்று நிகழ்ச்சிகளுக்கு ஒருமுறை, வாளித் தண்ணீரில் சிறிது ஷாம்பூ கலந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக முக்கி எடுப்பேன். கசக்கித் தேய்ப்பதில்லை. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் கொடியில் தொங்கவிட்டு, முழுவதும் உலர்ந்த பிறகு தளரப் பின்னிப் பருத்திப் பையில் வைக்கிறேன். தலைக்கயிறு ஈரமாக இருக்கும்போது உள்ளே வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். ஒட்டியாணம் உரசும் பகுதியில் இதிலும் சில இழைகள் அறுபடுகின்றன. மூன்று ஆண்டுகளில் சடையின் பருமன் சற்றுக் குறைந்திருக்கிறது. இன்னும் எத்தனை ஆண்டுகள் வரும் என்று உறுதி சொல்லும் நிலையில் நான் இல்லை. சாயம் ஏற்றிய சவுரியை நான் பயன்படுத்தியதில்லை; என்னுடையது இயற்கையான கறுப்பு.

யாருடைய முடியோ, அதைப் பிள்ளையின் தலையில் வைக்கலாமா என்று என் மாமியார் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். வாங்கியவுடன் இருமுறை அலசி வெயிலில் காயவைத்து அவரிடமே கொடுத்தேன். முதல் சடையை அவர்தான் பின்னிவிட்டார். இதை ஏற்க முடியாத வீடுகளில் நைலானே சரியான தேர்வு.

பின்னியே விற்கும் ஆயத்தச் சடையும் கடைகளில் இருக்கிறது. உடை மாற்ற ஐந்து நிமிடமே கிடைக்கும் நாட்டிய நாடகங்களுக்கு அது உதவும். குட்டை முடியில் அதன் எடை முழுவதும் ஒரே முடிச்சில் தொங்குவதால், நிகழ்ச்சி ஒன்றில் அது ஒரு சிறுமியின் தலையிலிருந்து கழன்று மேடையில் விழுந்ததை நேரில் பார்த்தேன். அந்தக் குழந்தை நிறுத்தாமல் ஆடி முடித்தாள். ஆனாலும் அதன்பின் அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி விழாவில் மட்டும் ஆடும் பிள்ளைக்கு 4,200 ரூபாய் செலவழிக்கச் சொல்லமாட்டேன். நைலான் சவுரியே போதும். இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பின்னுவதற்கு முன் சொந்த முடியை நீர் தெளித்துச் சற்று ஈரமாக்கிக்கொண்டால் இழை வழுக்குவது குறையும், ஒட்டியாணம் படும் இடத்தில் சடைமேல் கறுப்புப் பருத்தித் துணியை ஒரு சாண் அளவுக்குச் சுற்றித் தைத்துவிட்டால் உரசல் குறைந்து சவுரி இன்னும் சில விழாக்களுக்கு வரும். இந்தத் துணியை இப்போது மனித முடிச் சவுரிக்கும் சுற்றுகிறேன். சென்ற மார்கழி முழுவதும் ஆடிய பிறகு, அந்த ஒரு சாண் பகுதியில் சீப்பு எங்கும் தடைபடவில்லை.