லீவில் வந்த இடத்தில் ஒரு கெட்டமின் ட்ரிப்

எட்டு வார லீவில் ஊருக்குக் கிளம்பியபோது பெட்டியில் முதலில் வைத்தது என் டாக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் கடிதத்தைத்தான். நான் வேலை பார்க்கும் நாட்டில் மனச்சோர்வுக்காக நாலு வாரத்துக்கு ஒருமுறை எனக்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் நரம்பில் ட்ரிப்பாக ஏற்றுகிறார்கள். லீவு நடுவில் ஒரு தவணை வந்து விழுந்தது. அதை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று அலைந்த கதை இது.

மனச்சோர்வுக்கு நான் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தவன். மூன்றும் முழு அளவில், மூன்றும் இரண்டு மாதத்துக்குக் குறையாமல். இப்படி இரண்டு மருந்து கேட்காமல் போனாலே டாக்டர்கள் அதை 'சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு' என்கிறார்கள். இணங்காதது நோயா, நோயாளியா என்று கேட்கத் தோன்றும் பெயர். அதன் பிறகுதான் கெட்டமின். இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆறு முறை, பிறகு இடைவெளி விட்டு விட்டு. மாத்திரைகள் வாரக்கணக்கில் காக்க வைத்த இடத்தில் இது மறுநாளே வேலை செய்தது. ஆனால் ஒருமுறை போட்டால் அந்தத் தெளிவு சில நாள்தான் நிற்கும். ஆறு முறை போட்டவர்களுக்கும் பிறகு விட்டால் திரும்பி வரலாம்.

மருந்து ஒன்றும் புதிதல்ல. 1962-இல் உருவாக்கியது, 1970-இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கும். மனச்சோர்வுக்கு இது உதவுகிறதே என்று ஒரு சின்ன ஆய்வு சொன்னது 2000-இல். கெட்டமினின் ஒரு வடிவமான, மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமினுக்கு 2019-இல் அமெரிக்காவில் தனி அனுமதி கிடைத்தது. அடித்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. நரம்பில் ஏற்றும் ட்ரிப்புக்கு மனச்சோர்வு என்ற பெயரில் அங்கே இன்னும் அனுமதி கிடையாது, டாக்டர் தம் பொறுப்பில் கொடுக்கிறார். அதனால் கொடுப்பவரின் கவனம்தான் நமக்குக் காவல்.

ஊரில் முதலில் போன் போட்ட இடத்தில் பெண் குரல் சந்தோஷமாக இருந்தது. "வாங்க சார், ஒரு மணி நேரத்துல போட்டு அனுப்பிடறோம்." பிபி உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குடும்பத்தில் யாருக்காவது மனப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது மாதிரி) இருந்ததா, எதையும் கேட்கவில்லை. பதற்றம், வலி, போதைப் பழக்கம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் இதையே போடுகிறார்களாம். சர்வரோக நிவாரணி. போடும்போது யார் பக்கத்தில் இருப்பார் என்று கேட்டேன். "சிஸ்டர் வந்து வந்து பார்த்துக்குவாங்க." போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது இடம் பெரிய மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவு. அங்கே டாக்டரம்மா என் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை வாயே திறக்கவில்லை. பிறகு முக்கால் மணி நேரம் கேள்விதான். பதற்றத்துக்குக் கொடுக்கும் லொரசெபாம் மாதிரி மாத்திரை எதுவும் போடுகிறேனா என்றார். அது கெட்டமினின் பலனை மட்டுப்படுத்தலாம். ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் உண்டா என்றார். அதிக அளவில் நெடுநாள் எடுப்பவர்களுக்குக் கெட்டமின் மூத்திரப்பையைப் புண்ணாக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் வேலை பார்க்கும் நாட்டில் இரண்டு வருடமாக ட்ரிப் ஏறும் என்னிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. வெளிநாட்டு வைத்தியம் என்று மிதப்பில் வந்தவனுக்கு அது ஒரு குட்டு.

மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் ஈசிடி பற்றியும் அவரே பேசினார். சினிமா பார்த்து 'ஷாக்' என்று நாம் அஞ்சும் அதே சிகிச்சைதான். மனப்பிறழ்வு இல்லாத நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2023-இல் வந்த அமெரிக்க ஆய்வில் கெட்டமின் அதற்குச் சளைக்கவில்லை. "ஆனா மனப்பிறழ்வோட வர்ற மனச்சோர்வுக்கு நான் ஈசிடிதான் சொல்வேன்" என்றார்.

ட்ரிப் போடும் நாளில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். அளவு கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடம். என் எடை 68 கிலோ, ஆக 34 மில்லிகிராம். மயக்குவதற்கு ஒரே மூச்சில் கொடுப்பது இதைப் போல் இரண்டு மடங்கு, நாலு மடங்கு. கெட்டமின் குப்பி ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றும் வரும், 50 என்றும் வரும். மாறினால் ஐந்து மடங்கு. மயக்க டாக்டர் குப்பியைத் தூக்கி சிஸ்டரிடம் உரக்கப் படிக்கச் சொன்னார். அதற்கே ஒரு கும்பிடு.

இடம்தான் சரியில்லை. தியேட்டருக்குப் பக்கத்து அறை, தலைக்கு மேல் குழல் விளக்கு, கதவு சாத்துவதும் திறப்பதுமாக. பத்து நிமிடத்தில் உடம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆகிவிடும் அந்த நிலையில் ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம் ரயில் மாதிரி மண்டைக்குள் ஓடியது. வெளிநாட்டில் விளக்கைக் குறைத்துக் கண்பட்டை கொடுப்பார்கள். நான் ஒரு துண்டாவது கேட்டிருக்கலாம். பிபி 128/82-இலிருந்து 152/94-க்கு ஏறியது, இறங்கியது. நான் எழுந்து நேராக நடக்கும் வரை, சுமார் இரண்டு மணி நேரம், விடவில்லை.

"என்னடா, எங்கயோ பார்த்துட்டு சிரிச்சே" என்றாள் அக்கா. எனக்கு நினைவில்லை.

மறுநாள் போன் செய்கிறோம் என்றார்கள், செய்யவில்லை. என் டாக்டருக்கு நானே மெயில் போட்டேன்.

ஒன்று கேட்பார்கள்: லீவிலேயே புதிதாக ஆரம்பிக்கலாமா? என் கருத்து, வேண்டாம். ஆறாவது ட்ரிப் முடிந்த கையோடு விமானம் ஏறினால், மனசு மறுபடி சரியும் வாரத்தில் உங்களைத் தெரிந்த டாக்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். ஏற்கெனவே நடக்கும் சிகிச்சையில் ஒரு தவணை என்றால் சமாளிக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டே கேர் சிகிச்சை' என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை. மறுபடி மாடி ஏறிப் போய்க் கேட்டேன். டாக்டரம்மா பேனாவை எடுத்து ஓரத்தில் 'கெட்டமின் 34 மி.கி., 40 நிமிடம்' என்று எழுதி, பிபி எண்களையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.