அலுமினிய ஹெட்டில் ராக்கர் ஸ்டட்: இருக்கிற மரையா, ஹெலிகாயிலா?

ஆரியங்காவு மலையேறி இறங்கும் வண்டிகள் புளியரை, செங்கோட்டைப் பட்டறைகளில் இன்ஜின் ஹெட்டைப் பிரித்துக் கிடக்கும்போது இந்தக் கேள்வி வந்துவிடும்: வால்வுகளை அசைக்கும் ராக்கர்களின் ஷாஃப்டை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்டை (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) இருக்கிற மரையிலேயே ஏற்றுவதா, துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடுவதா?

மரை கெடவில்லையா? இருப்பதிலேயே ஏற்றுங்கள், செலவில்லை. ஸ்டட்டில் அகலமான மரை அலுமினியத்துக்கு, நெருக்கமான மரை நட்டுக்கு. விரலாலேயே இறங்க வேண்டும். ரெஞ்ச் கேட்டால் உள்ளே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் தேங்கியிருந்தால் இன்னும் மோசம், அது அமுங்காது, ஸ்டட் இறங்க இறங்க ஹெட்டையே விரிசல் விட வைத்துவிடும் (ஒரு ஹெட்டைப் பலி கொடுத்துத்தான் நானும் கற்றேன்).

மரை தூளாகி ஸ்டட்டோடு வந்துவிட்டால் ஹெலிகாயில்தான். பெரிய ஸ்டட் போடலாமே என்பார்கள், சரி, அது ஷாஃப்ட் துளையில் நுழைய வேண்டாமா? 8 எம்எம் ஸ்டட் என்றாலும் சாதாரண 8 எம்எம் டேப் (துளையில் மரை வெட்டும் கருவி) உதவாது, காயிலுக்கென்று சற்றுப் பெரிய டேப் தனியாக உண்டு. துளை சாய்ந்தால் ஷாஃப்ட் உட்காராது, அதனால் கை டிரில்லை நம்பாமல் லேத்துக்கே கொண்டுபோங்கள். காயிலைத் திருகி இறக்கியதும், கருவி பிடிப்பதற்காக அதன் அடியில் இருக்கும் வாலை உடைத்து வெளியே எடுக்க மறக்காதீர்கள். ஒழுங்காகப் போட்ட காயில் பழைய மரையைவிட உறுதியாகவே பிடிக்கும்.

எதுவானாலும் சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். ஹெட் ஆறிய பிறகே, மேனுவலில் உள்ள அளவுக்கு நட்டை முறுக்குங்கள்.